அரளியில் தொங்கிய வெள்ளி

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிவிட்டேன் என்பதைக் காதால்தான் தெரிந்துகொண்டேன். தறிச் சத்தம் தேய்ந்து நின்றது. நாய் ஒன்று கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே வந்து, அதற்குமேல் தன் எல்லை இல்லை என்பதுபோல் நின்றுவிட்டது. பிறகு ராஜபாளையம் ரோட்டுப் புழுதியில் என் காலடி மட்டும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வெளிச்சம் இன்னும் போகவில்லை.

இடது கையில் ஒரு புதுக் கலயம். அதன் வாயைச் சிவப்புத் துணியால் கட்டியிருந்தார்கள். உள்ளே ஓர் அரளிக் கொப்பு. கொப்பின் இலை ஒன்றின் அடியில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு, வெள்ளியில் வார்த்ததுபோல ஒன்று தொங்கியது. அதை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். விட்டவன் அந்த ஊருக்குத் திரும்பக் கூடாது. அன்று மத்தியானம் வரை நான் அங்கே ஒரு நூல் வியாபாரி வீட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன். மத்தியானத்துக்குமேல் எனக்குக் கிடைத்த வேலை இது.

சிவப்புத் துணி கட்டிய புதுக் கலயம் என்றால் செய்வினை கழித்துக் கொண்டுபோவது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரே பருத்தி ஏற்றி வந்த வண்டிக்காரர் மாடுகளை ரோட்டை விட்டே இறக்கி ஓட்டினார்.

"ஓரமாப் போலே. மாட்டுக்கு நேரா வராத."

"ஓரமாத்தான் போறேன் அண்ணாச்சி. தண்ணி ஓடுற ஓடை எங்க இருக்கு?"

"புரட்டாசியில ஓடை ஓடுமாலே? மழை பெய்யட்டும், பொறவு வா" என்று சொல்லிவிட்டு மாட்டை அடித்தார்.

அவர் சொன்னது சரி. முதல் ஓடையில் மணல்தான் இருந்தது. ஆட்டுப் புழுக்கை கிடந்தது. நான் மணலில் நின்று யோசித்தேன். இங்கேயே போட்டுவிட்டுப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. புதுத் தோல் செருப்பு. அடிக்கு ஒரு முறை கிறீச்சென்றது. நான் நின்றதும் அது நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. விதிக்குப் பயந்து என்று சொல்ல மாட்டேன். என் பின்னால் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டதை அந்த ஆளுக்குக் காட்ட வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்த வீட்டுக்கு நான் வந்தது சாத்தூரிலிருந்து. ரயிலில் வந்து இறங்கிய நூல் சிப்பங்களை வண்டியில் ஏற்றி, கூடவே நடந்து வந்து, இறக்கிப் போட்டேன். இறக்கிய இடத்தில் கிணற்றடி ஆள் ஓடிப்போயிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டேன். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் உப்பளம், கோவில்பட்டிப் பக்கம் கல் உடைப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு ஊர் ஒன்றுதான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வேலை இருக்கும் வரை இருப்பேன், பிறகு நடப்பேன்.

வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். நூல் வியாபாரம் ஒன்று, அடுப்பு ஒன்று, கிணறு ஒன்று. பேச்சு மட்டும் இரண்டாக இருந்தது. அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டார். தம்பி நெசவாளர் வீடுகளுக்கு நூல் கொண்டுபோய்ப் போடுவார். அண்ணன் எதிரில் தம்பி வாய் திறந்து நான் கேட்டதில்லை. அண்ணனுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. நடக்கத் தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும். தம்பிக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தம்பியின் மனைவி அந்தக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் அண்ணன் மனைவி, அந்த வீட்டு மூத்தவள், வந்து, பால் குடிக்க நேரமாயிற்று என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

கொல்லையில் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே வாழை, கருவேப்பிலை, நாலு கத்தரி, ஒரு செவ்வரளி. அரளி தம்பி மனைவி மம்சாபுரத்துப் பிறந்த வீட்டிலிருந்து குச்சியாகக் கொண்டுவந்து ஊன்றியது. காலையில் அவள்தான் பூப் பறிப்பாள். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. குழந்தை வாயில் வைத்துவிடும், வெட்டிப் போடு என்று மூத்தவள் பலமுறை சொல்லியிருந்தாள்.

அரளிக்குத் தண்ணீர் விடும்போதுதான் அந்தப் புழுவைப் பார்த்தேன். ஆடு அரளியில் வாய் வைக்காது. மாடு மோந்துகூடப் பார்க்காது. அதை அரைத்துக் குடித்துச் செத்தவர்களை நான் சுமந்திருக்கிறேன். அப்படிப்பட்ட இலையை ஒன்று ஓரத்திலிருந்து அரம் வைத்து அராவுவதுபோலத் தின்றுகொண்டு போனது. உடம்பு முழுக்க வெள்ளையும் கறுப்புமாக வளையம். அடிப்பக்கம் செம்மண் நிறம். முதுகில் கறுப்பு நூல்போல நீளக் கொம்புகள், தலைப்பக்கம் நிறைய, வால்பக்கம் ஒரு ஜோடி. தலையை ஆட்டும்போது கொம்புகளும் ஆடின. எந்தப் பக்கம் தலை என்று சீக்கிரம் சொல்ல முடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. விஷத்தைத் தின்று உயிரோடு இருப்பது எதுவும் சும்மா இருக்காது என்று தோன்றியது.

தம்பி மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, செத்த இங்க வந்து பாருங்க."

"என்னப்பா, பாம்பா?"

"பாம்பில்ல, புழு. அரளியத் திங்குது."

"அரளியவா? வெயில்ல நின்னு ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு." கையை முந்தானையில் துடைத்தபடி வந்து குனிந்தவள், அப்படியே நின்றாள். "ஆமா. திங்குதே. கொம்பு வேற வச்சிருக்கு."

"நசுக்கிரவா?"

"வேண்டாம். எந்தப் பக்கம் வெசத்தப் பீச்சுமோ. எம்புட்டு நாளு தின்னுட்டு உசுரோட இருக்குன்னு பாப்பமே." பிறகு வீட்டுப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்காகிட்ட மூச்சு விட்டுராத. அவிய செடிய வெட்டணும்னே காத்துக்கிட்டிருக்காவ. இது எங்க அம்மா வீட்டுச் செடி."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அவள் காலையில் பூப் பறிக்கும்போது இலையைத் திருப்பிப் பார்ப்பாள். நான் தண்ணீர் விடும்போது பார்ப்பேன். "இருக்கா?" என்பாள். "இருக்கு" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால், அந்த வீட்டு மருமகளும் ஊர்பேர் தெரியாத தண்ணீர்க்காரனும் அரளிச் செடியடியில் குசுகுசுவென்று எதையோ பேசிப் பிரிவதாகத்தான் தெரிந்திருக்கும். ஜன்னலில் மூத்தவள் நின்றதை நான் ஒரு தடவை பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவள் உள்ளே போகவில்லை. அப்படியே நின்றாள்.

ஒருநாள் புழுவைக் காணவில்லை. காக்கை கொத்தியிருக்கும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அதே சமயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கசாயம் கொடுத்தார்கள், பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி வாங்கினார்கள், வேப்பிலை அடித்தார்கள். இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

காய்ச்சல் விடாத ஒரு காலையில் மூத்தவள் வேப்பிலை ஒடிக்க மதில் பக்கம் போனவள் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இங்க வா. இது என்னலே?"

அரளி இலைக்கு அடியில் அது தொங்கியது. வெயில் பட்டுப் பளீரென்றது. நான் பார்த்த தாயத்துக் குப்பிகள் எல்லாம் அழுக்கேறி மங்கிப்போனவை. இது புளி போட்டு விளக்கியதுபோல மின்னியது. பக்கத்தில் போனால் அதில் என் முகம் தெரிந்தது, வளைந்து, கறுத்து, சின்னதாக.

"யாரு கட்டுனது?" என்றாள்.

"தெரியாதும்மா."

"ஒனக்குத் தெரியாமலா? நித்தம் ரெண்டு பேரும் இந்தச் செடியத்தான சுத்திச் சுத்தி வாரிய."

வீடே கொல்லைக்கு வந்துவிட்டது. அண்ணன் குனிந்து பார்த்தார். அவர் முகமும் அதில் தெரிந்திருக்க வேண்டும், சடக்கென்று பின்வாங்கினார். "மூஞ்சி உள்ள போயிருச்சு" என்றார் மெதுவாக. அவரைப் போன்ற பெரிய உடம்புக்காரர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

தம்பி மனைவி கையில் பூக்கூடையோடு நின்றாள். "அது புழு இருந்த எடம். நாங்க பாத்தோம்" என்று என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா. பாத்தேல்ல?"

"புழுவப் பாத்தேன்" என்றேன்.

"இதப் பாத்தியா?" என்றாள் மூத்தவள்.

"இல்ல."

"புழு இதா மாறுனதப் பாத்தியா?"

"பாக்கல."

உண்மை அதுதான்.  எருக்கஞ்செடியில் பச்சையாகக் கூடு தொங்கும், அதிலிருந்து பூச்சி வரும், அதை நான் பார்த்திருக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பச்சையாத் தொங்குனா நானும் கூடுன்னுதாம்லே சொல்லுவேன்" என்றார். "எந்தப் புழுவுலே வெள்ளியில வீடு கட்டும்?"

 நிஜத்தைச் சொன்னால், அந்த நேரத்தில் நானும் தம்பி மனைவியைச் சந்தேகப்பட்டேன். புழுவைக் கொல்லாதே என்றது அவள். யாரிடமும் சொல்லாதே என்றதும் அவள். புழு போன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அதே செடியில் வெள்ளி தொங்குகிறது. புழுவைக் காட்டி என்னைச் சாட்சியாக்கிவிட்டு இதைக் கட்டினாளா? அல்லது செடியோடு அவளையும் கிளப்ப மூத்தவளே கட்டினாளா? யோசிக்க யோசிக்க எல்லார் கையும் அந்தச் செடிக்கு நீண்டது.

 தம்பி மனைவி தன் புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறுவதற்குள் அவளை வண்டியில் ஏற்றி மம்சாபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "புள்ளைக்கு நல்லாகட்டும், பொறவு பாப்போம்" என்றார் அண்ணன். அந்தப் பிறகு எப்போது என்று யாரும் கேட்கவில்லை. செய்வினை அவள் கை வைத்ததுதான் என்று ஏற்பட்டுவிட்டால் அவள் அந்த வாசலை மறுபடி மிதிக்க முடியாது. பிறந்த ஊரிலும் அந்தப் பேரோடுதான் இருக்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். வண்டி ஏறும்போது அவள் அழவில்லை. பூக்கூடையைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வன்னியம்பட்டியிலிருந்து கோடாங்கி வந்தான். உடுக்கையை அடித்துக் குறி சொல்லும் ஆள், வெற்றிலை போட்டு உதடு சிவந்திருந்தான். அவன் செடிக்குப் பக்கத்தில் போகவில்லை. தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அவனுக்கும் அது புதுசு என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கூலிக்கு வந்தவன் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"குப்பிதான்" என்றான். "ஆனா கயிறக் காணல. கயிறு இல்லாமத் தொங்குதுன்னா கட்டுன கை பெரிய கை. மண்ணுல பொதச்சது எடுக்கதுக்கு லேசு. இது காத்துல தொங்குறது, காத்தோட சுத்தும்."

"யாரு கட்டுனதுன்னு சொல்லும்" என்றாள் மூத்தவள்.

"மொதல்ல வீட்ட விட்டுப் போகட்டும் தாயி. போன பொறவு புள்ளைக்குக் காச்சல் எறங்கிச்சுன்னா, செடி யாரு செடியோ கையும் அவுக கைதான்."

அதற்கு முறை சொன்னான். இரும்பு படக் கூடாது, கையால் ஒடிக்க வேண்டும். உள்ளூரில் ரத்த உறவு இல்லாதவன் எடுக்க வேண்டும். எடுத்தவன் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கொப்பை நான்தான் ஒடித்தேன். பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. கிணற்றில் கழுவப் போனேன், கூடாது என்றார்கள். மண்ணில் தேய்த்துக்கொண்டேன். அதுவரை நான் இறைத்த தண்ணீர் அது. கூலிக்குப் பதில் ஒரு பழைய வேட்டியைத் தூரத்திலிருந்து போட்டார்கள். நல்ல வேட்டிதான், ஓரத்தில் மட்டும் நைந்திருந்தது. என் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்படித்தான் நான் அந்த ரோட்டுக்கு வந்தேன்.

வழியில் ஒரு தோட்டக் கிணற்றில் தண்ணீர் கேட்டேன். அங்கிருந்த பெண் கலயத்தை வெகுதூரம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, என் கையில் உயரத்திலிருந்து ஊற்றினாள். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதித் தண்ணீர் என் வேட்டியில் விழுந்தது. பின்னால் செருப்புச் சத்தம் நான் தாண்டி வந்த ஒரு புளியமரத்தடியில் நின்று காத்திருந்தது. அவன் எவனாக இருந்தாலும் அவனுக்கும் தாகம் எடுத்திருக்கும்.

யார் அனுப்பிய ஆள்? கோடாங்கியின் ஆளோ? நான் தண்ணீரில் விட்டதும் பின்னாலேயே வந்து வெள்ளியை எடுத்துக்கொள்ள வருகிறானோ? அல்லது நான் அதை ராஜபாளையத்துத் தட்டானிடம் கொடுத்து உருக்கிவிடுவேன் என்று அண்ணன்தான் அனுப்பினாரோ? பயப்படுகிற பொருளாக இருந்தாலும், வெள்ளி என்றால் மனிதனுக்கு ஒரு கண் அதன்மேல் இருக்கத்தான் செய்யும்.

அடுத்து ஒரு கண்மாய் வந்தது. நடுவில் குட்டைபோலக் கொஞ்சம் தண்ணீர், எருமை படுத்திருந்தது. ஓடாத தண்ணீர். விட்டால் விடலாம். ஆனால் என் கை போகவில்லை. இதைத் தண்ணீரில் விட்டுவிட்டால் இது என்ன என்பது யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றைக்காவது இறங்கத்தான் செய்யும். இறங்கியதும் பேர் அவள்மேல் நின்றுவிடும். அவள் கட்டியிருந்தால் சரி. கட்டாமல் இருந்தால்?

மம்சாபுரத்துக்குப் பிரியும் பாதைக்குப் பக்கத்தில் வழிப்போக்கர் தங்கும் கல்மண்டபம் ஒன்று இருந்தது. இருட்டிவிட்டதால் அங்கே படுத்தேன். கலயத்தைத் தூணுக்கு வெளியே வைத்தேன், தலைமாட்டில் வைக்கத் துணிச்சல் இல்லை. வயிறு காந்தியது. அது பழகிய விஷயம், துண்டை இறுக்கிக் கட்டினால் தூக்கம் வரும்.

விடிந்தும் விடியாததுமாகக் கலயத்தை எடுத்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்தேன். ராத்திரி செருப்புச் சத்தம் கிட்டே வந்ததோ, அது கனவோ என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிவப்புத் துணியின் முடிச்சு நான் பார்த்தபடி இல்லாததுபோல இருந்தது. அந்தச் சந்தேகம்தான் என்னை அவிழ்க்க வைத்தது.

கொப்பு இருந்தது. இலை வாடி இருந்தது. வெள்ளி இல்லை.

வெள்ளி இருந்த இடத்தில் அதே அளவில் கறுப்பாக, அழுக்காக ஒன்று தொங்கியது. கொப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எவனோ ராத்திரி வந்து வெள்ளியை எடுத்துக்கொண்டு, மாட்டுச் சாணி உருண்டையைப்போல எதையோ ஒட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் எழுந்து, முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன்.

மண்டபத்தை ஒட்டி நின்ற ஒரு புளியமரத்துக்குப் பின்னாலிருந்து அவரும் எழுந்து வந்தார். தம்பி. தலையில் துண்டு, கண்ணெல்லாம் சிவந்து, கையில் ஒரு கருவேலம்விளார்.

"வெள்ளி எங்கலே?" என்றார்.

அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் பேசாதவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"அத நா ஒங்களக் கேக்கணும் சின்ன மொதலாளி. ராத்திரி பூரா முழிச்சிருந்தது நீங்க."

"நா கிட்டத்துல வரல. நீதான் கலயத்தத் தூணுக்கு வெளிய வச்சுத் தூங்குன. எங்க சொருவி வச்சிருக்க?"

"இந்தா மூட்ட. பிரிச்சுப் பாருங்க. வேட்டியும் ஒதறிக் காட்டுறேன்."

அவர் நிஜமாகவே மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு சட்டை, ஒரு சீப்பு, உடைந்த கத்தி, அவர்கள் வீட்டிலிருந்து எறிந்த பழைய வேட்டி. வேட்டியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"அத எனக்குக் குடு" என்றார். "என்ன இருக்குன்னு நா பாக்கணும். பேரு எழுதியிருக்கும்னு சொல்லுதான் கோடாங்கி. உள்ள தகட்டுல பேரு இருக்கும். யாரு பேருன்னு பாக்கணும்."

அப்போதுதான் அவர் ஏன் வந்தார் என்று புரிந்தது. அண்ணன் அனுப்பவில்லை. அவருக்கே பொறுக்கவில்லை. மனைவியை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல், ராத்திரி முழுக்கப் பனியில் ஒரு கலயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கொப்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கை பாதி வந்து நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

அது அசைந்தது.

அவர் விளாரைக் கீழே போட்டார். நானும் கொப்பைப் போட்டிருப்பேன், விரல் மரத்துப்போய்ப் பிடித்த பிடியிலேயே இருந்தது. கறுப்பாக இருந்ததில் ஒரு கீறல் விழுந்தது. உள்ளேயிருந்து இரண்டு கால் வெளியே வந்து இலையைத் தேடின. பிறகு தலை. பிறகு ஈரமாக, கசங்கிய துணிபோல ஓர் உடம்பு நழுவி வந்து, கழற்றிப் போட்ட கூட்டையே பிடித்துக்கொண்டு தொங்கியது.  கசங்கல் மெல்ல மெல்ல விரிந்தது. பழுப்புக் கறுப்பில் சிறகு. ஓரத்தில் அரிசி நொய் தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"இதா?" என்றார் தம்பி.

இதுதான். அரளிச் செடியைச் சுற்றி நாள் முழுக்கப் பறப்பது, பூவில் உட்காருவது, துணி காயும் கொடியில் உட்காருவது, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தப் பழுப்புப் பூச்சி. கிணற்றடியில் என் தோளில்கூட உட்கார்ந்திருக்கிறது. நான் ஊதித் தள்ளியிருக்கிறேன்.

பூச்சி இலைக்கு நகர்ந்ததும் காலிக் கூட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெங்காயத் தோல்போல, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. வெள்ளி எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்தார். தகடு தேடுகிறார் என்று நினைக்கிறேன்.

"பேரு ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஆமா" என்றார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ வண்டியில ஏறுறப்ப என்னப் பாத்தா. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நா பாக்காத மாதிரி நின்னேன்."

 பூச்சி சிறகை ஒரு தடவை மூடித் திறந்தது.

"நீ வா" என்றார் திடீரென்று. "அண்ணங்கிட்ட வந்து சொல்லு. ரெண்டு பேரும் பாத்தோம்னு சொல்லுவோம்."

"நா திரும்பி வந்தா, போனது திரும்பி வந்துருச்சும்பாக. பொறவு புள்ள தும்முனாக்கூட அது என்னாலதான்."

"அப்ப நா மட்டும் சொன்னா?"

"பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுதாம்பாரு ஒங்க அண்ணன்."

"ஆமா. அப்படித்தான் சொல்லுவாரு." கையில் இருந்த கூட்டைக் காட்டினார். "இதக் காட்டுனா?"

"வெள்ளி எங்கன்னு கேப்பாக. நீங்களே கேட்டியளே."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பூச்சி வெயில் வந்த பக்கம் மெதுவாக நகர்ந்து, இலையின் நுனிக்குப் போய், பறந்து, புளியமரத்தைத் தாண்டிப் போனது. எந்தத் திசையில் போகிறது என்று இரண்டு பேரும் பார்த்தோம். அப்படிச் சகுனம் பார்த்ததற்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் எழுந்து துண்டை உதறினார். கூட்டை அதன் முனையில் வைத்து, நசுங்காமல் தளர்வாக முடிந்தார். ரோட்டில் இறங்கி நின்றார். வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர், அண்ணன், கடை. மேற்கே பிரிந்தால் மம்சாபுரம்.  அவர் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாளும் அண்ணன் பேச்சைத் தாண்டாத கால் அது.

"அங்க அவ அப்பன் என்னைய வாசல்லயே நிறுத்துவாரு" என்றார்.

"நிறுத்தட்டும். நின்னு சொல்லுங்க."

"தனியா ஒரு வீடு பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மம்சாபுரத்துலயே பாத்தாலும் சரி." பிறகு மலைப்பக்கம் திரும்பி நடந்தார். கிறீச் கிறீச்சென்று அந்தச் செருப்புச் சத்தம் சோளக்கொல்லைக்குள் போய் மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சிவப்புத் துணியைப் புளியமரத்தடியில் போட்டேன். கலயத்தைப் போடவில்லை. புதுக் கலயம், கீறல் இல்லாதது. அடுத்த கிணற்றில் அதை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் மொண்டு குடித்தேன். இனி அது கஞ்சிக் கலயம். துணி இல்லாத கலயத்தைப் பார்த்து யாரும் ஒதுங்கவில்லை. பருத்தி வண்டி ஒன்றில் பின்னால் தொற்றிக்கொண்டே ராஜபாளையம் போய்ச் சேர்ந்தேன்.

ஊருக்கு மேற்கே மாந்தோப்பு ஒன்றில் ஆள் எடுப்பதாக வண்டிக்காரர் சொன்னார். தோப்புக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு பெரியவர். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கலயத்தையும் பார்த்தார்.

"ஏமிரா அதி?"

"கஞ்சிக் கலயம் அய்யா."

"கலயம் புதுசு, ஆளு பழசா இருக்கே" என்று தமிழில் சொன்னார். "எந்த ஊர்ல திருடுனது?"

"குடுத்து அனுப்புனாக."

"யாருலே ஆளையும் அனுப்பி, கலயமும் குடுத்து அனுப்புறது?" நம்பவில்லை. ஆனாலும் மண்வெட்டி ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். தோப்பைச் சுற்றி வேலி வைக்க வேண்டும். ஒரு வண்டி நிறையக் குச்சி வெட்டிக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். முனையில் பால் வடிந்து காய்ந்திருந்தது. நான் ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தேன். அரளி.

"முழத்துக்கு ஒண்ணு ஊனு" என்றார் தோப்புக்காரர். "இதுல ஆடு வாய் வைக்காது, மாடு வாய் வைக்காது. ஒரு புழு பூச்சி அண்டாது."

நான் வேட்டியை மடித்துக் கட்டி முதல் குழியைத் தோண்டினேன்.